முதுசொமும் தேடிய தேட்டமும்

(இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசுவதே வழக்கம். அவ்வழக்கத்துக்குச் சற்றே விலகி, இன்று விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். விஞ்ஞானம் என்றதும் இளைஞர்கள் பரீட்சையை நினைத்து அஞ்ச வேண்டா; பெரியோர்கள் இது நமக்குரியதன்று என்று ஒதுங்கவும் வேண்டா. நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் பேசப்படுகின்ற பொருளேயாகும்.

பிறந்த குழந்தையைப் பார்க்கச் செல்லும் உறவினர் முதலிலே என்ன கூறுகின்றனர்? "தகப்பனை உரித்துப் படைத்திருக்கின்றது" என்கின்றார் ஒருவர். "நிறம் தாயின் நிறம்" என்கின்றார் மற்றொருவர். "மூக்கு மாத்திரம் அப்பம்மாவின் மூக்கு" என்கின்றார் மூலையிலிருந்த முதியவர். இவ்வளவும் மகிழ்ச்சியான பேச்சு. ஆனால், வேறு சில கேள்விகளும் உண்டு. ஒரு வயிற்றிலே பிறந்த இரு பிள்ளைகள் ஏன் இருவேறு விதமாக இருக்கின்றனர்? ஒரு வீட்டிலே நான்கும் பெண்ணாகப் பிறந்தது ஏன்? நோய் நொடி அறியாத தாய்க்கும் தந்தைக்கும் தீராத நோயோடு பிள்ளை பிறந்தது ஏன்? இக்கேள்விகளுக்கு ஊரிலே விடை கூறுவோர் பலர். தவறான விடையினால் யாரோ ஒருவருடைய நெஞ்சு புண்படுகின்றது. பெரும்பாலும் அந்த ஒருவர் ஒரு பெண்ணாகவே இருக்கின்றார். ஆதலின் சரியான விடையை அறிந்துகொள்வது நமது கடமையாகின்றது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையை அறியாதார் இங்கு இரார். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலே, 1706ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி அவ்வழமையைத் தொகுத்தார். 1707இல் அது சட்டமாயிற்று. அவ்வழமை சொத்தை மூன்றாக வகுக்கின்றது. தகப்பன் வழியே வருவது முதுசொம். தாய் கொண்டு வருவது சீதனம். இருவரும் கூடி வாழும் காலத்தில் ஈட்டுவது தேடிய தேட்டம். பழைய வழமையின்படி முதுசொம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சென்றடைந்தன.

காணிக்கும் பூமிக்கும் வழமை இருப்பது போல உடலுக்கும் ஒரு வழமை உண்டு. அதனை வகுத்தது இயற்கை. அதற்கும் நமது தேசவழமைக்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள் உள. முதலாவது, உடலின் முதுசொமும் சீதனமும் மகனுக்கும் மகளுக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகவே சேரும். ஆண்பிள்ளை தகப்பனுடைய பிள்ளை, பெண்பிள்ளை தாயினுடைய பிள்ளை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது, தேடிய தேட்டம் அங்கே பிள்ளைக்குச் சேராது. கொல்லனுடைய தோள் சம்மட்டி பிடித்து உரமேறியது. அவ்வுரம் மகனுக்குப் பிறப்போடு வருவதில்லை. பண்டிதருடைய மகனும் அரிவரியிலிருந்தே தொடங்க வேண்டும். நமது பெண்கள் எத்தனையோ தலைமுறையாகக் காது குத்தி வருகின்றனர். ஆயினும் துளையுள்ள காதோடு ஒரு குழந்தையும் பிறந்ததில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியிலே ஜெர்மனியில் வைஸ்மன் என்ற அறிஞர் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். பிறந்த குட்டிகளெல்லாம் முழு வாலோடுதான் பிறந்தன.

அப்படியாயின் பிள்ளைக்குச் சேருவது எது? அது எவ்வாறு சேருகின்றது? இதற்கு விடை கண்டவர் ஒரு துறவி என்பதை இம்மன்றத்திலே கூறுவதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. கிறெகோர் மெண்டல் என்பவர் 1822இல் அன்றைய ஒஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், கமக்காரர் குடும்பத்திலே பிறந்தவர். 1843இல் புரூண் நகரிலுள்ள மடத்திற் சேர்ந்து துறவியானார். அந்நகர் இன்று செக் நாட்டிலே புர்னோ என்று வழங்குகின்றது. ஆசிரியராவதற்கு எழுதிய பரீட்சையில் அவர் சித்தியெய்தவில்லை. ஆனால் 1856ஆம் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள், மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை வளர்த்து, எண்ணி, எழுதி வைத்தார்.

அவர் செய்தது இதுதான். உருண்டை விதையே தரும் பரம்பரையிலிருந்து ஒரு செடி. சுருங்கிய விதையே தரும் பரம்பரையிலிருந்து ஒரு செடி. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவிலே தன் கையாலேயே சேர்த்தார். கிடைத்த விதைகள் யாவும் உருண்டையாக இருந்தன. சுருக்கம் எங்கே போயிற்று? அழிந்துவிட்டதா? அவ்விதைகளை நட்டுத் தம்முள்ளே தாமே விளையவிட்டார். அடுத்த தலைமுறையிலே 5474 விதைகள் உருண்டையாகவும் 1850 விதைகள் சுருங்கியனவாகவும் இருந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. விதையின் நிறத்தை எடுத்துப் பார்த்தார். மஞ்சள் 6022, பச்சை 2001. அங்கும் மூன்றுக்கு ஒன்று. நெட்டை, குட்டை என்ற உயரத்தை எடுத்துப் பார்த்தார். பூவின் நிறத்தை எடுத்துப் பார்த்தார். இவ்வாறு ஏழு இயல்புகளிலும் அதே கணக்கே வந்தது.

இக்கணக்கிலிருந்து அவர் கண்ட உண்மையை நமது ஊர் வழக்கிலே சொல்லுகின்றேன். ஒவ்வோர் இயல்புக்கும் ஒவ்வோர் உயிரிடத்தும் இரண்டு உறுதிகள் உள. ஒன்று தகப்பன் எழுதிக் கொடுத்தது. மற்றொன்று தாய் எழுதிக் கொடுத்தது. இவ்வுறுதியை விஞ்ஞானிகள் பரம்பரையலகு என்பர். இரண்டு உறுதிகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டனவாயின், ஒன்று மேலோங்கித் தன்னை வெளிக்காட்டும், அஃது ஆட்சியுடையது. மற்றொன்று வாய்திறவாது இருக்கும்; அது பின்னிடைவானது. வாய்திறவாத உறுதி அழிந்துபோகவில்லை. பெட்டிக்குள்ளே மடித்து வைத்தபடி கிடக்கின்றது. பிள்ளைக்குக் கொடுக்கும்போது பெற்றவர் தம்மிடமுள்ள இரண்டில் ஒன்றையே கொடுக்கின்றார். எதைக் கொடுப்பது என்பது அவர் விருப்பமன்று. காசைச் சுண்டுவது போன்றது. தாயும் தந்தையும் இருவருமே மறைந்து கிடந்த உறுதியைக் கொடுத்துவிட்டால், அப்பிள்ளையிடம் அதை அடக்குவதற்கு வேறோர் உறுதி இல்லை. பெற்றோர் இருவரிடமும் காணாத இயல்பு பிள்ளையிடம் வெளிப்படுகின்றது. அரைக்கு அரை பெருக்கினால் கால், நாலில் ஒன்று. பட்டாணியிலே மூன்றுக்கு ஒன்று வந்ததன் காரணம் இதுவே. தாயிடமும் தந்தையிடமும் காணாததொன்று பேரப்பிள்ளையிடம் தோன்றுவதன் காரணமும் இதுவே.

1865ஆம் ஆண்டு பெப்ரவரியிலும் மார்ச்சிலும் புரூண் நகர் இயற்கை விஞ்ஞானக் கழகத்தின் கூட்டங்களிலே மெண்டல் இதனை வாசித்தார். நமது மன்றத்தைப் போன்றதொரு கழகந்தான் அது. கட்டுரை 1866இல் அக்கழகத்தின் மலரிலே வெளியாயிற்று. அதன் அருமையை எவரும் உணரவில்லை. 1868இல் மடாதிபதியான மெண்டல் 1884இல் காலமானார். 1900ஆம் ஆண்டிலே வெவ்வேறு நாடுகளில் மூவர் அதே உண்மையைத் தனித்தனியே கண்டு, பின்னரே பழைய மலரைத் தூசு தட்டி எடுத்தனர். சிறு கழகங்களின் மலர்களை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அந்த உறுதிகள் உடலில் எங்கே இருக்கின்றன? நமது உடல் எண்ணிறந்த கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் கருவிலும் நூல் போன்ற நிறமூர்த்தங்கள் உள. மனிதருக்கு அவை நாற்பத்தாறு என்பது 1956ஆம் ஆண்டிலேதான் உறுதியாயிற்று. இருபத்து மூன்று சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. அவற்றிலுள்ள பொருளின் பெயர் டீ. என். ஏ. முறுக்கிய ஏணி போன்ற அதன் அமைப்பை 1953இல் வற்சனும் கிறிக்கும் வெளியிட்டனர். அதற்கு அடிப்படையான படங்களுள் முக்கியமானவை றொசலின்ட் பிராங்கிளின் என்னும் பெண்மணியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. நாலே நாலு எழுத்துகளைக் கொண்டு, ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்து நீளத்துக்கு எழுதிய சாசனம் அது. அதிலே புரதங்களுக்கான பரம்பரையலகுகள் மாத்திரம் இருபதினாயிரம் அளவில் உள.

சாசனத்தைப் பிரதி செய்யும் நொத்தாரிசு எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரெழுத்துப் பிழைபடுவதுண்டு. கலம் பிரியும்போதும் அவ்வாறே. அப்பிழையை விகாரம் என்பர். பெரும்பாலான பிழைகளால் நன்மையுமில்லை, தீமையுமில்லை. சிலவற்றால் நோய் உண்டாகும். மிகச் சில பயன் தரும். இவ்வகைப் பிழையில்லாத மனிதர் உலகில் ஒருவருமிலர் என்பதை நீங்கள் மனத்திலே இருத்த வேண்டும். நாம் ஒவ்வொருவரும் சில பழுதான உறுதிகளைப் பெட்டிக்குள்ளே வைத்துக்கொண்டுதான் நடமாடுகின்றோம்.

இனி, தொடக்கத்திலே கேட்ட கேள்விகளுக்கு வருவோம். உடன்பிறந்தார் ஏன் ஒருவரையொருவர் ஒத்திருப்பதில்லை? இருபத்து மூன்று சோடிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைத் தெரிந்தெடுத்தால், ஒரு தந்தை கொடுக்கக்கூடிய கட்டுகளின் எண்ணிக்கை 83,88,608. தாய்க்கும் அவ்வளவே. இவற்றைப் பெருக்கினால் வரும் தொகையை நீங்களே எண்ணிப் பாருங்கள். சோடி நிறமூர்த்தங்கள் தமக்குள்ளே துண்டுகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே, ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் தவிர, உடன்பிறந்தார் இருவர் முழுவதும் ஒத்திருத்தல் நடவாத காரியம். "உன் அண்ணனைப் பார்" என்று தம்பியை வைவதற்கு விஞ்ஞானம் துணைவராது.

பெண்பிள்ளைகளே பிறக்கின்றன என்று மருமகளைக் குறைகூறும் வீடுகள் இன்றும் உள. உண்மையைக் கேளுங்கள். நிறமூர்த்தச் சோடிகளுள் ஒன்று ஆண் பெண் என்பதைத் தீர்மானிக்கின்றது. 1905இல் அமெரிக்காவிலே நெற்றி ஸ்டீவன்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி ஒரு வண்டினத்தை ஆராய்ந்து இதனைத் தெளிவாக்கினார். பெண்ணிடம் எக்ஸ் எனப்படும் நிறமூர்த்தம் இரண்டு. ஆணிடம் எக்ஸ் ஒன்றும் வை ஒன்றும். தாய் எப்பொழுதும் எக்ஸ் ஒன்றையே கொடுக்க முடியும். கொடுப்பதற்கு அவளிடம் வேறு இல்லை. தந்தை எக்ஸைக் கொடுத்தால் மகள். வையைக் கொடுத்தால் மகன். ஆகவே பிள்ளை ஆணா பெண்ணா என்பதிலே தாய்க்குப் பங்கு யாதும் இல்லை. அப்படியென்று இனித் தகப்பனைக் குறைகூறவும் வேண்டா. அவரும் காசைத்தான் சுண்டுகின்றார். நான்கு பெண்கள் தொடர்ந்து பிறப்பதற்கு வாய்ப்புப் பதினாறில் ஒன்று, அஃது அதிசயமன்று. ஐந்தாவது பிள்ளைக்கும் வாய்ப்பு அரைக்கு அரையே. இத்தனை பெண் பிறந்ததே, இனி ஆண்தான் என்று சுண்டிய காசு நினைவில் வைத்திருப்பதில்லை.

தாயின்மேல் வரும் மற்றொரு பழி இரத்த வகையினால் வருவது. கார்ல் லான்ட்ஸ்ரைனர் என்ற வைத்தியர் 1901இல் வியன்னாவிலே இரத்த வகைகளைக் கண்டறிந்தார். தந்தையின் இரத்தம் ஏ வகை, தாயின் இரத்தம் பீ வகை, பிள்ளையினது ஓ வகை என்று வந்தால், "இது எப்படி?" என்று புருவத்தை உயர்த்துவோர் உண்டு. கணிதப் பேராசிரியரான பேர்ண்ஸ்ரைன் 1924இல் இதற்கு விளக்கம் தந்தார். ஏயும் பீயும் ஆட்சியுடையன, ஓ பின்னிடைவானது. ஏ வகைத் தந்தையின் பெட்டிக்குள் ஓ ஒன்று மறைந்திருக்கலாம். பீ வகைத் தாயிடமும் அவ்வாறே. இருவரும் மறைந்ததைக் கொடுத்தால் பிள்ளை ஓ வகை. இதில் ஐயத்துக்கும் இடமில்லை, அவதூறுக்கும் இடமில்லை.

எல்லா இயல்புகளும் ஓரலகினால் ஆவனவல்ல. உயரம், தோலின் நிறம், கூர்மதி முதலியவை மிகப் பல அலகுகளும் ஊட்டமும் சூழலும் வளர்ப்பும் கூடி ஆவன. கர்ப்பிணி குங்குமப்பூ உண்பதால் பிள்ளையின் நிறம் மாறாது. பசளையில்லாத நிலத்தில் நல்ல நெல்லும் குன்றிப்போவதை நமது கமக்காரர் அறிவர். நல்ல விதையும் வேண்டும், நல்ல வயலும் வேண்டும்.

அன்பர்களே! இதுவரை கூறியது அறிவதற்கு. இனிக் கூறப்போவது செய்வதற்கு.

தலசீமியா என்னும் நோயைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நமது இரத்தத்துக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுத்து, உடலெங்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்வது ஈமோகுளோபின். அதனை ஆக்கும் பரம்பரையலகுகளுள் ஒன்று பதினோராவது நிறமூர்த்தத்திலே உளது. அவ்வலகிலே பிழையிருந்தால் ஈமோகுளோபின் போதிய அளவு உண்டாவதில்லை. பிழையுள்ள உறுதி ஒன்றும் நல்ல உறுதி ஒன்றும் உடையவர் நோயாளியல்லர். சற்று இரத்தக் குறைவு இருக்கலாம்; மற்றும்படி எல்லோரையும் போல வாழ்வார், உழைப்பார், முதுமையும் எய்துவார். தம்மிடம் அஃது இருப்பதையே அறியார். இவரைக் காவுவோர் என்று கூறுவோம். இலங்கையிலே நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இவ்வாறு காவுவோராக இருக்கின்றனர். வடமேல், வடமத்திய மாகாணங்களிலே இந்நோய் கூடுதலாகக் காணப்படுகின்றது. குருநாகலில் இதற்கெனத் தேசிய நிலையம் இயங்குகின்றது. ஆயினும் எந்த இனத்தாரும் எந்த மாகாணத்தாரும் இதற்கு விலக்கானவரல்லர்.

காவுவோர் இருவர் தற்செயலாக மணம் செய்துகொண்டால் என்ன நிகழும்? பட்டாணிக் கணக்கை நினைவுகூருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டு பிழைகளையும் பெறுவதற்கு. அப்பிள்ளை பிறக்கும்போது நலமாகவே இருக்கும். சில மாதங்களிலே வெளிறும், பால் குடியாது, வளராது. அப்பிள்ளை உயிர்வாழ வேண்டுமாயின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிறருடைய இரத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்பு உடலிலே தேங்கி இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதனை வெளியேற்றுவதற்கு, இரவு முழுவதும் தோலின் கீழே மருந்து செலுத்தும் சிறு பொறியைப் பூட்டிக்கொண்டு உறங்கும் பிள்ளைகள் உள; இப்பொழுது விழுங்கும் மருந்துகளும் வந்துள்ளன. இன்றைய சிகிச்சையினால் இப்பிள்ளைகள் வளர்ந்து, படித்து, தொழில் செய்து வாழ முடிகின்றது. ஆயினும் பெற்றோர் படும் பாட்டையும் பிள்ளை படும் நோவையும் சொல்லி முடியாது.

இப்பிழை நமது நாட்டிலே ஏன் இவ்வளவு பரவியது? இதற்கும் காரணம் உண்டு. காவுவோருக்கு மலேரியாக் காய்ச்சலின் கொடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கின்றது. இவ்வெண்ணத்தை 1949இல் வெளியிட்டவர் ஹோல்டேன் என்னும் ஆங்கில விஞ்ஞானி. இவர் 1957இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964இல் புவனேசுவரத்திலே காலமானார். மலேரியாவினால் பலர் மடிந்த ஊர்களிலே காவுவோர் பிழைத்தனர். அவர் பரம்பரை பெருகிற்று. 2016ஆம் ஆண்டிலே இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மலேரியா போயிற்று, அது விட்டுச் சென்ற உறுதி நமது பெட்டிகளுக்குள்ளே இன்னமும் கிடக்கின்றது. ஆகவே இஃது எவருடைய குற்றமுமன்று. நமது முன்னோரைக் காத்த கேடயத்தின் மறுபக்கம் இது.

உறவிலே மணம் செய்தல் நமது வழக்கம். மச்சானும் மச்சாளும் மணம் செய்வது உரிமை என்றே கருதப்பட்டு வந்தது. இதைப் பற்றி மருத்துவர் சிலர் அச்சுறுத்துகின்றனர். பெரியோர் சிலர் தலைமுறை தலைமுறையாகச் செய்தோமே, என்ன வந்தது என்கின்றனர். கணக்குப் பார்ப்போம். பாட்டனார் ஒருவர் ஒரு பிழையைக் காவுகின்றார் என்க. அவருடைய மகனுக்கு அது சேர வாய்ப்பு அரை, மகளுக்கும் அரை. பேரனுக்குக் கால்; பேத்திக்கும் கால். பேரனும் பேத்தியுமாகிய மச்சானும் மச்சாளும் இருவருமே காவுவோராயிருக்க வாய்ப்புப் பதினாறில் ஒன்று. அவர்களுக்கு நோயுள்ள பிள்ளை பிறக்க வாய்ப்பு அறுபத்து நாலில் ஒன்று. அதே பேரன் உறவில்லாத ஒரு பெண்ணை மணந்தால்? அப்பிழை ஊரிலே ஐம்பது பேருக்கு ஒருவரிடம் இருப்பதாகக் கொண்டால், வாய்ப்பு எண்ணூற்றில் ஒன்று. வேறுபாடு பெரிதுதான். எல்லா நோய்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பாரதூரமான பிறவிக் குறையோடு பிறக்கின்றன. நெருங்கிய மச்சான் மச்சாள் மணத்திலே இத்தொகை ஏறக்குறைய இருமடங்காகின்றது. அதாவது பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. பெரியோர் கண்டது பொய்யன்று. ஆயினும் இடர் கூடுவதும் மெய். குடும்பத்திலே முன்பு ஏதேனும் பரம்பரை நோய் இருந்திருப்பின், அங்கே உறவிலே மணம் பேசுவதற்கு முன்னர் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம்.

இனி நான் கேட்பது ஒன்றே. மணம் பேசும்போது சாதகம் பார்க்கின்றோம். பத்துப் பொருத்தமும் பார்க்கின்றோம். சீதனம் பேசுகின்றோம். காணி உறுதியை விரித்து வைத்து எல்லை பார்க்கின்றோம். இருவர் உடலிலும் உள்ள உறுதியைப் பார்ப்பதற்கு ஒரு சிறு இரத்தப் பரிசோதனை போதுமே. அதனை ஏன் பார்ப்பதில்லை? சாதகத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. பதினோராவது பொருத்தமாக இதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே வேண்டுகின்றேன். செங்குருதிக் கலங்களின் பருமனைக் காட்டும் சாதாரணப் பரிசோதனை முதற்படி. ஐயமிருந்தால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் பரிசோதனை அடுத்த படி.

சைப்பிரசுத் தீவிலே ஏழு பேருக்கு ஒருவர் அளவில் காவுவோர். 1970களிலே அந்நாட்டார் இந்நோயைத் தடுக்க முற்பட்டனர். 1980களிலே அங்குள்ள திருச்சபை, பரிசோதனைச் சான்றிதழ் இன்றி மணம் செய்து வைப்பதில்லை என்று விதித்தது. மணத்தைத் தடை செய்யவில்லை. அறிந்து செய்யுங்கள் என்றே கூறியது. காவுவோர் என்று அறிந்தும் பெரும்பாலானோர் தாம் விரும்பியவரையே மணந்து, மருத்துவ ஆலோசனையோடு பிள்ளை பெற்றனர். சில ஆண்டுகளிலே நோயோடு பிறக்கும் குழந்தைகளின் தொகை மிகவும் அருகிவிட்டது. சமய நிறுவனமொன்று மக்களின் நலத்துக்கு எவ்வாறு துணை நிற்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நமது நாட்டின் நிலை சற்று வேறு. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்கு இலங்கைச் சட்டம் இடந்தருவதில்லை. ஆதலின் கரு உண்டான பின்னர் அறிவதிலும், மணத்துக்கு முன்னர் அறிவதே நமக்கு இன்றியமையாதது.

இங்கே ஒரு பெரும் எச்சரிக்கை. காவுவோர் ஒருவர், காவாத ஒருவரை மணந்தால், தலசீமியா நோயுள்ள பிள்ளை பிறப்பதில்லை. ஆகவே காவுவோர் என்ற காரணத்தால் எந்தப் பெண்ணையும் எந்த ஆணையும் மணத்துக்கு ஆகாதவர் என்று தள்ளுவது அறிவீனம், அறமும் அன்று. பெண்ணுக்கு மாத்திரம் பரிசோதனை செய்து, மாப்பிள்ளையை விட்டுவிடும் வழக்கம் முளைத்துவிடலாகாது. இருவரும் பார்க்க வேண்டும். மணப்பேச்சு வருமுன்னரே, படிக்கும் வயதிலேயே தாமாகச் சென்று பார்த்துக்கொள்ளுதல் மேலானது. முடிவு அவரவர்க்கே உரியது. அதனைத் தரகர் வாயிலோ திண்ணைப் பேச்சிலோ விடுதல் தகாது.

பரம்பரை அறிவைக் கெடுதிக்குப் பயன்படுத்தியோரும் உண்டு. 1933இல் ஹிட்லரின் ஆட்சி பரம்பரை நோயைத் தடுப்பதாகக் கூறிச் சட்டம் செய்து, இலட்சக்கணக்கானோரை வலிந்து மலடாக்கியது. பின்னர் நடந்த கொடுமைகளை உலகம் அறியும். அவர்கள் பேசியது விஞ்ஞானமன்று, செருக்கு. இரத்த வகைகள் எல்லாக் குலத்திலும் எல்லா ஊரிலும் கலந்தே கிடக்கின்றன. வைத்தியசாலையிலே உயிருக்குப் போராடுகின்றவனுக்கு இரத்தம் ஏற்றும்போது, அது எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. வகை பொருந்துகின்றதா என்றே பார்க்கின்றனர். குலப்பெருமை பேசுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

"இவையெல்லாம் முன்வினையன்றோ?" என்று பெரியவர் ஒருவர் கேட்கலாம். நமது சைவ சித்தாந்தம் உயிர் அநாதி என்றும், உடல் அதற்கு வாய்த்த கருவி என்றும் கூறுகின்றது. விஞ்ஞானம் பேசுவது அக்கருவியைப் பற்றியே. அக்கருவி தாய் தந்தையரிடமிருந்து எவ்வாறு அமைகின்றது என்று அறிவதால் சமயத்துக்கு ஓர் இழுக்கும் இல்லை. ஆனால், நோயுள்ள பிள்ளையின் தாயைப் பார்த்து "உன் வினை" என்று கூறுவதற்குச் சமயம் நமக்கு அதிகாரம் தரவில்லை. பிறருடைய வினையை அளப்பது நம் வேலையன்று. பிறருடைய துன்பத்தைத் துடைப்பதே நம் வேலை.

ஆகவே இளைஞர்களே! மன்றத்தின் முன்னே இரண்டு பணிகளை வைக்கின்றேன். ஒன்று, அடுத்த ஆண்டிலே வைத்தியர்களின் துணையோடு ஒரு பரிசோதனை நாளை இம்மண்டபத்திலேயே ஒழுங்கு செய்தல். பெறுபேறுகள் உரியவர் கையிலன்றி வேறெவர் கையிலும் சேராதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, அதே நாளில் இரத்ததானம் செய்தல். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவருடைய இரத்தத்தை எதிர்பார்த்துக் கட்டிலிலே காத்திருக்கும் பிள்ளைகள் இந்நாட்டில் உள. தாய் தந்தையர் கொடுக்க முடியாத முதுசொத்தை அப்பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கலாம்.

உடலிலே தேடிய தேட்டம் பிள்ளைக்குச் சேராது என்று முன்னர்க் கூறினேன். ஆனால் தேடிய அறிவு சேரும். அது பிறப்பின் வழியாகச் சேருவதில்லை. சொல்லின் வழியாகவும் செயலின் வழியாகவும் சேருகின்றது. இன்று இங்கே கேட்டதை வீட்டிலே சொல்லுங்கள்.